அக்கா இருமினால்

கோகிலவாணி டீச்சருக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் யாருக்கோ போனில் தப்பாக வழி சொன்னால் திரும்பி உட்கார்ந்து திருத்துவாள். கல்யாண மண்டபத்தில் சீரியல் பல்பு கட்டுகிறவன் ஏணியைக் கோணலாகச் சாய்த்திருந்தால், இலையில் விழுந்த பாயசத்தை விட்டுவிட்டு எழுந்து போவாள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இத்தனை வருஷமாக மின்சாதனத் தொழிற்பிரிவை நடத்திக்கொண்டிருக்கிறவள் வேறு எப்படி இருப்பாள்? ஒரு பெண் ஒயரை மாற்றிப் பிடிப்பதற்கும் அதை மாட்டிவிடுவதற்கும் நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியில்தான் அவள் பிழைப்பே நடந்தது.

திருத்துவதற்கு முன்னால் லேசாக ஒரு இருமல் இருமுவாள். சளியும் கிடையாது, தொண்டைக்கட்டும் கிடையாது, வெறும் பழக்கம். அது காதில் விழுந்ததும் மாணவிகள் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுத் திரும்புவார்கள். அடுத்து "கண்ணு, இங்க பாரு" என்று வரும்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் பேசாமல் நில் என்று ஒரு கம்பெனி சொன்னது.

பல்லடம் ரோட்டில் புதிதாக வந்த பேட்டரி கம்பெனி அது. ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிப் போட்ட பழைய பேட்டரிகளைப் பிரித்து, உயிருள்ள செல்களைப் பொறுக்கி, மறுபடி கட்டி விற்பார்கள். பதினோராம் வகுப்புப் பெண்கள் வாரத்தில் இரண்டு நாள் அங்கே வந்து வேலை பார்த்தபடியே கற்றுக்கொள்ளலாம். உதவித்தொகை உண்டு, மதிப்பெண் உண்டு, நன்றாகச் செய்கிறவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் நிரந்தர வேலையும் உண்டு. தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னவர் பிரணவ். முப்பது வயதுகூட இருக்காது. மரியாதை தெரிந்த பையன். டீ கொண்டு வந்த ஆயாவுக்கு எழுந்து நின்று நன்றி சொன்னார்.

"ஒரே ஒரு விதிதான் மேடம்" என்றார். "பிள்ளைங்க தப்பு செஞ்சா யாரும் திருத்தக் கூடாது."

"அப்புறம் என்னத்தைங்க கத்துக்குவாங்க?" என்றாள் கோகிலவாணி.

"அவங்களாவே கத்துக்குவாங்க. விஷயம் என்னன்னா, எங்க மிஷினுக்குச் சரியா செய்யத் தெரியும் மேடம். கோடிக்கணக்கான தடவை பார்த்திருக்கு. அதுக்குத் தெரியாதது தப்புதான். முதல் தடவையா கை வைக்கிற ஒருத்தர் எங்க தடுமாறுவாங்க, எதை எதோட குழப்பிக்குவாங்கன்னு அதுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. பெரியவங்ககிட்ட புதுத் தப்பு கிடைக்கிறது இல்லை. செஞ்சதையே திருப்பித் திருப்பிச் செய்யறாங்க."

"அதுக்கு எங்க புள்ளைங்கதான் அகப்பட்டாங்களா?"

"ஆபத்தா எதுவும் அவங்க கைக்கு வராது. சார்ஜ் முழுசா இறக்கின பேட்டரிதான் வரும். நடுவுல நீங்க வாய் திறந்தா அன்னைக்குப் பதிவான எல்லாமே வீண். அதனாலதான் கேக்கறேன்."

கோகிலவாணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிரிவில் இருந்ததே இருபத்திச் சொச்சம் பெண்கள். தொழிற்சாலைத் தொடர்பு இல்லாத பிரிவுகளை மூடப்போவதாகச் சுற்றறிக்கை வந்திருந்தது. மூடினால் பாதிப் பேர் நூல் மில் விடுதிக்குப் போவார்கள், மீதிப் பேருக்குக் கல்யாணம். அதற்கு வாரத்தில் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருப்பது பரவாயில்லை என்று நினைத்துச் சரியென்றாள்.

கம்பெனியில் மாணவிகளுக்கு மணிக்கட்டுவரை கை நீண்ட கோட்டும், விரல் அசைவைப் பதிவு செய்கிற கையுறையும் கொடுத்தார்கள். கோகிலவாணிக்கு ஒரு கழுத்துப் பட்டை. "வருகைப் பதிவுக்கு மேடம்" என்றார் பிரணவ். தொண்டையை லேசாக அழுத்தியது. போகப் போகப் பழகிவிட்டது.

மதிப்பெண் போடும் முறைதான் விசித்திரம். புதுத் தப்புக்கு முழு மார்க். மற்றவள் ஏற்கெனவே செய்த தப்புக்குப் பாதி. தப்பே வராவிட்டால் ஒன்றும் கிடையாது. வேண்டுமென்றே செய்கிற தப்பும் செல்லாது. விரல் முன்கூட்டியே தயங்குவதை வைத்து கையுறை கண்டுபிடித்துவிடும். ஆக, வகுப்பில் எதையும் உருப்படியாகச் செய்யாத பெண்களெல்லாம் அங்கே முதல் வரிசைக்கு வந்துவிட்டார்கள். தாரிகா கடைசி.

தாரிகா எதையும் தொடுவதற்கு முன் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். பார்த்துவிட்டால் அப்புறம் கை பிசகாது. அவள் அம்மா சாரதாமணிக்கு நூல் மில்லில் இரவு ஷிப்ட். மகள் மில் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அந்த அம்மாளின் ஆசை. நிரந்தர வேலை முதல் ஐந்து பேருக்கு மட்டும் என்று அறிவித்த அன்றைக்குத் தாரிகா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"எனக்குத் தப்பு வர மாட்டேங்குதுங்க மிஸ்" என்றாள். "நானும் வருமா வருமான்னு பாக்கறேன்."

கோகிலவாணி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண்ணைச் சரியாகச் செய்யச் சொல்லி வளர்த்தவளே அவள்தானே.

அவள் வாயைத் திறக்காமலே இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. ஒரு பெண் காலில் கனமான பெட்டி விழப் பார்த்தபோது கத்திவிட்டாள். அன்றையப் பதிவு போயிற்று. யாரும் குறை சொல்லவில்லை. இன்னொரு நாள் ஒருத்தி ஸ்பானரை பேட்டரியின் பிளஸ், மைனஸ் தகடுகள் இரண்டுக்கும் குறுக்கே வைக்கப் போக, "எடு, எடு!" என்று அலறினாள். சோதித்துப் பார்த்தால் அந்தப் பேட்டரியில் சார்ஜே இல்லை. பள்ளிக்குத் திரும்புகிற வேன் முழுக்கப் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். "நீங்க சித்த பேசாம இருங்க மிஸ். எங்க மார்க்கு போகுது" என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். தலைமையாசிரியையும் கூப்பிட்டு, பிரிவு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கோகிலவாணிக்கு இருமல் வரும், பேச்சு வராது. இருமியதை அப்படியே விழுங்கக் கற்றுக்கொண்டாள்.

ஆடி மாதத்தில் தாரிகாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. சாரதாமணி மகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போய், பூசாரியிடம் மந்திரித்து, வலது மணிக்கட்டில் தாயத்துக் கட்டிவிட்டாள். கறுப்புக் கயிறு, சுண்டு விரல் நுனி அளவுக்குச் செப்புக் குப்பி. மறுநாளே தாரிகா கம்பெனிக்கு வந்தாள். வாசலில் "நகைகளைக் கழற்றவும்" என்று எழுதியிருக்கும். கம்மல், கொலுசு, தலையில் குத்தியிருந்த கிளிப்புவரை கழற்றித் தட்டில் போட்டாள். தாயத்தைக் கழற்றவில்லை. தாயத்தை யார் நகை என்று சொல்கிறார்கள்? அது கழற்றக் கூடாதது, அவ்வளவுதான். அம்மா கட்டியது. வாசல் கேமராவுக்கும் தெரியவில்லை, கோட்டுக்கை மறைத்துவிட்டது.

கோகிலவாணிக்குத் தெரிந்தது.

தாரிகா மேஜைமேல் குனிந்து, பிரித்த பேட்டரியின் உட்பக்கத்துக்குக் கையை நீட்டினாள். கையுறைக்கும் கோட்டுக்கைக்கும் நடுவிலிருந்து அந்தச் செப்புக் குப்பி நழுவி வெளியே வந்து தொங்கியது. அதற்கு நேர் கீழே இரண்டு தகடுகள், ஒரு விரல் இடைவெளியில்.

கோகிலவாணி இருமினாள்.

அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சார்ஜ் இறக்கியதுதானே என்று தோன்றியது. போன தடவை மாதிரி வீணாகக் கத்தி, வேன் முழுக்கப் பகையை வாங்கிக்கொள்வானேன் என்று தோன்றியது. இவை இரண்டையும் பின்னால் யாரிடம் வேண்டுமானாலும் அவளால் சொல்லியிருக்க முடியும். மூன்றாவதாகத் தோன்றியதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. தாயத்து என்பது இதுவரை ஒருத்தியும் செய்யாத தப்பு. புதுத் தப்பு. தாரிகாவுக்கு முழு மார்க் வரும். செய்துவிட்டுப் போகட்டுமே என்று, அந்தப் பெண்மேல் வைத்த பிரியத்தினாலேயே, அவள் நினைத்தாள்.

ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் இருக்கும். நீல வெளிச்சம் வெட்டியது, பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். சார்ஜ் முழுதாக இறங்காத பேட்டரி. குப்பி பழுக்கக் காய்ந்து மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. தாரிகா கத்தியது கோகிலவாணிக்குக் கேட்கவே இல்லை. மற்ற பெண்கள் சொல்லித்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சாரதாமணி மில் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. டீச்சரைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தானுங்க டீச்சர் கட்டி உட்டேன். காப்பாத்தும்னு கட்டி உட்டேன். என்ற புள்ள கைய நானே தின்னு போட்டனுங்க."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் கோகிலவாணி.

எல்லோரையும் திருத்துகிறவள், ஒரு தாய் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அழுவதைத் திருத்தாமல் நின்றாள்.

சாரதாமணி டீ வாங்கக் கீழே போனதும் தாரிகா கண்ணைத் திறந்தாள். நரம்பு வெந்துவிட்டதால் இரண்டு விரல் இனி மடங்காது என்று அவளுக்கு அதற்குள் சொல்லிவிட்டார்கள்.

"நீங்க இருமினது கேட்டுச்சுங்க மிஸ்" என்றாள்.

கோகிலவாணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னமோ தப்புன்னு தெரிஞ்சுது. திரும்பிப் பாக்கலாம்னுதான் நெனச்சேன். திரும்பினா நீங்க சைகை காட்டீட்டீங்கன்னு பதிவு போயிரும். மறுக்கா உங்களத் திட்டுவாங்க. அதான் திரும்பலீங்க மிஸ்."

கட்டிலில் கிடந்த போர்வையை மடிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கோகிலவாணி அழுதாள். நான் பார்த்தேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அதற்குள் சாரதாமணி டீயோடு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பல சாயங்காலங்கள் கோகிலவாணி ஹார்லிக்ஸும் பழமுமாகப் போய் வந்தாள், ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாளிடம் அதே பேச்சு, "நாந்தானுங்க கட்டி உட்டேன்." ஒவ்வொரு தடவையும் இருமிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கம்பெனி வைத்தியச் செலவைக் கொடுத்தது. தாரிகாவுக்கு அந்த மாத மதிப்பெண்ணில் முதலிடம் வந்தது.

அடுத்த ஜூனில் பள்ளிக்கூடத் தொழிற்கூடத்துக்கே ஒரு மேற்பார்வை மிஷின் வந்தது. கூரையில் கருப்பு உருண்டையாக ஒரு கண், சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர். பெயர் அக்கா. பிரணவே வந்து மாட்டினார். இனி எல்லாத் தொழிற்சாலைகளிலும் தொழிற்பிரிவுகளிலும் பெண்பிள்ளைகள் அருகில் அக்கா இருப்பாள், தப்பு நடக்கும்போது எச்சரிப்பாள் என்று விளக்கினார். கோகிலவாணிக்கு நெஞ்சில் கொஞ்சம் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. தான் நின்ற இடத்தில் இனி பேசத் தெரிந்த ஒன்று நிற்கும் அல்லவா?

சோதனைக்கு ஒரு மாணவியைக் கூப்பிட்டார்கள். அவள் ஈயம் பற்றவைக்கிற சோல்டரிங் அயர்னைத் தலைகீழாக எடுத்தாள். "கண்ணு, பிடியைப் பிடி" என்றது அக்கா, இனிமையான குரலில். பெண்கள் கைதட்டினார்கள். பிரணவ் மேஜையில் ஒயர்கள் மாட்டிய ஒரு பலகையை வைத்து அதில் வேலையைத் தொடரச் சொன்னார். அவள் குனிந்தபோது சட்டைக்குள் இருந்த சங்கிலி நழுவி, ஒயர் முனைகளுக்கு மேலே தொங்கியது.

ஸ்பீக்கரிலிருந்து லேசாக ஒரு இருமல் வந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"கைய எடுடி!" என்று பின்வரிசையிலிருந்து பாய்ந்து வந்த தாரிகா அந்தப் பெண்ணை இடது கையால் பின்னுக்கு இழுத்தாள். பலகையில் கரண்ட் இல்லை, சோதனைதான். ஆனாலும் தாரிகாவின் உதடு வெளுத்திருந்தது. மற்ற பெண்கள் கோகிலவாணியைப் பார்த்தார்கள். "மிஸ், அக்கா உங்களாட்டமே இருமுது" என்று ஒருத்தி சிரித்தாள்.

பெண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கோகிலவாணி கதவைச் சாத்தினாள்.

"அது என்னோட இருமல்."

பிரணவ் மறுக்கவில்லை. "எடுத்துரலாம்னுதான் பார்த்தோம் மேடம். எடுத்தா கணிப்பு மொத்தமும் தப்பாகுது. ஏன்னு எங்களுக்கே புரியலை."

"கையுறைதானே பதிவு பண்ணுச்சு?"

"பிள்ளைங்களோட தப்பு முதல் மாசத்துலயே போதுமான அளவு கிடைச்சிருச்சு. அதுக்கு அப்புறம் நாங்க பதிவு பண்ணினது உங்களைத்தான். அந்தக் கழுத்துப் பட்டை." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "முதல்ல நாங்க செஞ்ச மிஷின் எல்லாத் தப்புக்கும் கத்தும். வேலை நின்னு நின்னு போகும். ஒரு முதலாளியும் வாங்கலை. எப்ப பேசணும், எப்ப பேசாம விடணும்னு தெரிஞ்ச மிஷின் வேணும்னு கேட்டாங்க. அதை விதியா எழுத முடியாது மேடம். யாராவது அப்படி நின்னு பார்க்கணும். எதையும் கண்டுக்காத டீச்சர் ஆகாது, அவங்ககிட்ட கத்துக்க ஒண்ணுமில்லை. பேசாம இருக்க முடியாத ஒரு நல்ல டீச்சர் பேசாம இருக்கணும். எதுக்கு வாயைத் திறக்கறாங்க, எதை விழுங்கறாங்க, அதுதான் தேவைப்பட்டுது."

கோகிலவாணியின் கை கழுத்தில் பட்டை இருந்த இடத்தைத் தொட்டது.

"பெட்டி விழுந்தப்ப கத்துனேனே."

"அதையும் கத்துக்கிச்சு. கத்தினா பிரயோஜனம் இருக்குன்னா கத்தும்."

"தாரிகா..."

"அது பேசலாமா வேண்டாமாங்கற எல்லைக்கோடு மேடம்" என்றார் பிரணவ். அதைச் சொன்னபோது அவர் குரலும் சரியாக இல்லை. "நிச்சயமில்லாத ஆபத்து, நிச்சயமான நஷ்டம். அந்த மாதிரி இடத்துல உங்களை மாதிரியே இருமிட்டு நிக்குது."

"அழிச்சிருங்க. என்னோடதை மட்டுமாவது எடுத்துருங்க."

"உப்பு கரைஞ்ச தண்ணியில இருந்து உப்பை மட்டும் எப்படி எடுக்கறது? இந்த வருஷம் எல்லா மாவட்டத்துக்கும் போயாச்சு."

"நான் புகார் கொடுப்பேன்."

"கொடுங்க. உண்மையிலேயே சொல்றேன், கொடுங்க. நான் இந்த வேலையில இருந்துக்கிட்டு அதைச் செய்ய முடியாது." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆனா மொத கேள்வியே உங்களைத்தான் கேப்பாங்க. பார்த்தீங்களா, இல்லையா? பார்த்தேன்னு சொன்னாத்தான் புகார் நிக்கும். சொன்னா உங்க வேலை நிக்காது."

அவர் போன பிறகு கோகிலவாணி தொழிற்கூடத்திலேயே நின்றாள். கூரையில் அந்தக் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கெங்கோ, பெயர் தெரியாத ஊர்களில், அவள் சொல்லிக்கொடுக்காத பெண்கள் இன்றைக்கு மேஜைமேல் குனிந்திருப்பார்கள். யாருக்கோ ஏதோ நழுவித் தொங்கும். அவர்கள் பின்னால் நின்று அவளே இருமுவாள். அவளே சும்மா இருப்பாள். தாரிகாவைப்போலப் பாய்ந்து வர அங்கே யார் இருக்கிறார்கள்?

கதவைத் திறந்து வெளியே வந்தபோது வராந்தாவில் தாரிகா மற்ற பெண்களை நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அக்கா பேசுனா பயமில்லைங்கடி. அக்கா இருமினா மட்டும், கையில என்ன இருந்தாலும் போட்டுட்டுத் தள்ளி வந்துரோணும். தெரியுதா?"

கோகிலவாணி புகார் கொடுக்க நேராகப் போயிருக்கலாம். ஆனால் அதிகாரி கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்கவேண்டிய காது ஒன்று இருந்தது. பஸ் ஏறினாள். பஸ்ஸில் யாரோ யாருக்கோ ஏதோ தப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள், அவள் திரும்பவில்லை.

சாரதாமணியின் வீடு மில்லுக்குப் பின்னால் லைன் வீடு. இருட்டத் தொடங்கியிருந்தது. அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்த தாரிகா, அம்மா ஷிப்டுக்குப் போவதற்குள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், இடது கையால். கதவு திறந்தே இருந்தது. உள்ளே கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள் கோகிலவாணி. பேச்சுக்கு முன்னால் அந்தப் பாழாய்ப்போன இருமல் வந்துவிட்டது.

உள்ளே தாரிகா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். கரண்டி தரையில் விழுந்து மாவு சிதறியது. வாசலில் யார் என்றுகூட அவள் பார்க்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு கண்ணு?" என்று ஓடி வந்த சாரதாமணி, வாசலில் டீச்சரைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அட, வாங்க டீச்சர். கரண்டிய நழுவ உட்டுட்டா. அவ என்ன பண்ணுவா, அந்தக் கையில வேலை செஞ்சு பழக்கமா? எல்லாம் நான் கட்டி உட்ட..."

"நீங்க இல்லை" என்றாள் கோகிலவாணி.

சாரதாமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"தாயத்து வெளிய வந்து தொங்குனதை நான் பார்த்தேன் சாரதாமணி. தகட்டுல படப்போகுதுன்னும் தெரியும். சொல்ல நேரமும் இருந்துச்சு. தாரிகாவுக்கு மார்க்கு வரட்டும்னு பேசாம நின்னுட்டேன்."

தோசை கருகுகிற வாசனை வந்தது. சாரதாமணி மெதுவாகப் போய் அடுப்பை அணைத்தாள். மகளின் வலது கையை எடுத்து, மடங்காத இரண்டு விரல்களையும் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். டீச்சரை உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

"மறுக்கா சொல்லுங்க" என்றாள். "என்ற புள்ள மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."